திங்கட்கிழமை தருவதாகச் சொன்ன கட்டு

டோக்கன் நாற்பத்தொன்று என் கையில் இருக்கிறது. உள்ளே போயிருப்பது இருபத்தாறு. மணி பத்தே முக்கால். குடிசை மாற்று வாரியத்தின் மறுகுடியமர்வுப் பிரிவு வாசலில் கிடக்கும் இந்த மரபெஞ்சைப் பற்றி ஒரு காலத்தில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து எழுதவில்லை. உள்ளே மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, கண்காணிப்பாளர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, கதவு வழியாக வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்து எழுதினேன். பெஞ்சின் மூன்றாவது பலகை பிளந்திருக்கிறது, கொஞ்சம் அசைந்தால் தொடையைக் கிள்ளுகிறது, அந்த ஒன்பது பக்கத்தில் இது கிடையாது. காத்திருப்பவனின் உடல் அரசின் ஏடு என்று எழுதியிருக்கிறேன். என்ன ஏடோ, என்ன உடலோ, எனக்கு இப்போது ஒன்றுக்குப் போக வேண்டும், போனால் இடம் போய்விடும். மடியில் பை. பைக்குள் ஒரு கட்டு. இங்கே எல்லோரும் கட்டு என்றுதான் சொல்வார்கள், கோப்பு என்பதெல்லாம் அரசாணையிலும் என்னைப் போன்றவர்களின் கட்டுரையிலும்தான். பழுப்பு அட்டை, வெள்ளை நாடா, நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அதில் வீட்டுக்குக் காத்திருக்கும் மாணிக்கந்தோட்டத்து நாற்பத்திரண்டு குடும்பங்களின் பெயர், தலைக்கட்டு விவரம், கைநாட்டு, கீழே தாசில்தாரின் பச்சை மைக் கையெழுத்து. இருபத்தோரு வருஷமாக இந்தக் கட்டைக் காணோம் என்று இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அது எங்கேயும் காணாமல் போகவில்லை, பல்கலைக்கழகத்தில் என் அறையில் இருந்தது. இன்று மூன்று மணிக்குக் குழு கூடி, மூல ஆவணம் இல்லாத கோரிக்கைகளை மொத்தமாக முடித்துவைக்கப் போகிறது. எல்.டிஸ். போடுவார்கள், அப்படியென்றால் மனுக்களை ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டுக் கிழித்துப் போடலாம். அதற்குள் நான் இதைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருக்கிறது, தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டாயிற்று. எடுத்துச் சென்றேன் என்று எழுதுவதா, பெற்றுச் சென்றேன் என்று எழுதுவதா என்று நேற்று முழுசாக ஒரு மணி நேரம் யோசித்தேன். பெற்றுச் சென்றேன் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

என் பெயரட்டையை உள்ளே அனுப்பியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டிருப்பார்கள். பேராசிரியர் தெய்வசிகாமணி, மானிடவியல் துறை, ஓய்வு. வேண்டாம் என்று டோக்கன் வாங்கினேன். பிராயச்சித்தமாம். வாங்கிய அடுத்த நொடியே எத்தனை ஆண், எத்தனை பெண், யார் கையில் பிளாஸ்டிக் கவர் என்று மனசு எண்ண ஆரம்பித்துவிட்டது, நாய் வாலை நிமிர்த்த முடியுமா. இந்தத் தொழில் செய்கிறவர்களைப் போல அல்பர்களை நான் பார்த்ததில்லை. எழவு வீட்டுக்குப் போனாலும் ஒப்பாரியில் எத்தனை அடி என்று குறித்துக்கொள்வோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் என் முகத்தை இரண்டு தடவை பார்த்தாள், மூன்றாவது தடவை, "நீ அந்த நோட்டு சார்தானே?" என்றாள். தேசம்மா. இவளைத்தான் கட்டின் இருபத்தேழாம் பக்கத்தில் நேற்றுப் பார்த்தேன், வயது முப்பத்திரண்டு, இடது கைப் பெருவிரல் ரேகை. முப்பத்தைந்து வருஷ உத்தியோகம், மூன்று புத்தகம், ஆறு நாட்டுச் சொற்பொழிவு, எல்லாம் சேர்ந்து இவள் கணக்கில் நான் நோட்டு சார். என் புத்தகத்தில் இவளுக்கு மங்கை என்று பெயர் மாற்றி வைத்தேன், இவளுக்குப் பாதுகாப்பாம். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வடக்கே எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் ஒரு மாணவி மங்கையின் நம்பிக்கைகளைப் பற்றி முந்நூறு பக்கம் ஆய்வு செய்து பட்டம் வாங்கிவிட்டாள். மங்கை இங்கே டோக்கன் நாற்பதை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வெற்றிலை இருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை என்றேன். அப்புறம் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் போய்விட்டார், மகள் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள், இன்னும் அதே தகரக் கொட்டகை, தற்காலிகம் என்று போட்டுக் கொடுத்தது, வெயிலில் உள்ளே நிற்க முடியாது, மழையில் படுக்க முடியாது. தோட்டத்தில் முதல் பட்டியல்காரர்களுக்கெல்லாம் அப்போதே வீடு கொடுத்துவிட்டார்கள், இரண்டாவது பட்டியல் நாற்பத்திரண்டு பேர்தான் பாக்கி. "எத்தினி அதிகாரி மாறிட்டான் சார். வர்றவன் எல்லாம் கட்டு காணம், கட்டு காணம்னே சொல்லிக்கினு கீறான். இன்னிக்கு மூணு மணியோட மூடிடுவாங்களாம். மூட்டாங்கன்னா நாங்க இன்னா சார் பண்றது?" என்று கேட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். பையின் ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று விரல் தானாகப் போய்ப் பார்த்தது.

இருபத்தொன்பது. யாரோ ஒரு கிழவர் உள்ளேயிருந்து வெளியே வந்து, வந்த வேலையை மறந்தவராட்டம் திரும்ப உள்ளே போகிறார். அந்தக் கதவுக்குப் பின்னால் இடதுபக்கம் மூன்றாவது மேஜையில்தான் பொன்னுரங்கம் உட்கார்ந்திருப்பார். ஒல்லி, நெற்றியில் நாமம், இரண்டு பேனா, ஒன்று நீலம் ஒன்று சிவப்பு. நான் பார்த்த எழுத்தர்களிலேயே அலுவலகத்தில் ஒரு கட்டு எங்கே இருக்கிறது என்று எழுந்து போகாமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருத்தர்தான். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் போன பிறகு அவர் வேலை பார்ப்பார், நானும் இருப்பேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன். முதலில் முடியாது என்றார், வெளியாள் கையில் கட்டைக் கொடுத்தால் வேலையே போய்விடும் சார் என்றார். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அப்புறம் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று கேட்டால், நான் பழகியதுதான் காரணம். பழகுவது எங்கள் தொழிலில் ஒரு முறை, அதற்கு வகுப்பெடுப்போம், தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி உண்டு. அவர் பெண்ணின் பரீட்சை மார்க் எல்லாம் விசாரித்தேன். நாலு கட்டு அப்படி எடுத்துப் போய், நாலையும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் திருப்பிக் கொடுத்தேன். இது ஐந்தாவது. "திங்கட்கிழமை வந்துடணும் சார்" என்று நாடாவை இன்னொரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விசா வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. புதன்கிழமை விமானம். வீடே தலைகீழானது, குறிப்பேடுகளோடு எல்லாவற்றையும் அள்ளி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டித் துறை அறைக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை ஒன்று வந்ததே எனக்குத் தெரியாது. நாலையும் கொடுத்தவன் ஐந்தையும் கொடுத்திருப்பான் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நல்ல எண்ணம். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய் முதல் வாரமே ஒரு சொற்பொழிவில் எல்.டிஸ்., டி.டிஸ். என்று எழுத்துக்களைக் கரும்பலகையில் எழுதி, எந்தக் காகிதம் எத்தனை வருஷம் வாழும், எது என்றைக்குச் சாகும் என்று நாற்பது நிமிஷம் பேசினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். கட்டு அப்போது என் அறையில் டேப் ஒட்டிய பெட்டியில் கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து வந்தேன். மாணிக்கந்தோட்டத்து இரண்டாவது பட்டியல் என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் வந்தேன், அதுதான் வேடிக்கை, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அப்போது இருந்த கண்காணிப்பாளர் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு, சாருக்கு அந்தக் கட்டைப் பற்றிச் சொல்லுங்க என்றார். பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மேஜையில் இருந்த குண்டூசி டப்பாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம், "காணோம் சார்" என்றார். அந்தப் பார்வையைப் பற்றி நான் பதினோரு பக்கம் எழுதினேன். என் புத்தகத்திலேயே எல்லோரும் மேற்கோள் காட்டுகிற இடம் அதுதான். அதிகாரம் பேசுவதில்லை, பார்க்கிறது என்று ஆரம்பிக்கும். எழுத்தரின் மௌனம் ஒரு சுவர், அரசு தன் ஏழைகளைத் திட்டமிட்டுத் தொலைக்கிறது, தொலைத்ததைத் தொலைந்ததாக எழுதுகிறது, இப்படிப் போகும். எத்தனை மேடையில் படித்திருப்பேன். படிக்கும்போது அந்தப் பார்வையை நடித்தும் காட்டுவேன், குண்டூசி டப்பாவோடு, கூட்டம் சிரிக்கும். அந்த மனுஷன் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மேலதிகாரி பக்கத்தில் இருக்க, நீங்கள்தானே சார் கொண்டுபோனீங்க என்று வாயால் சொல்ல முடியாமல் கண்ணால் சொன்னார். கட்டைத் தொலைத்தால் பதவி உயர்வு போகும், கட்டை வெளியாளுக்குக் கொடுத்தேன் என்று சொன்னால் வேலை போகும், நாமமும் இரண்டு பேனாவும் உள்ள மனிதனுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா. நான் கிளம்பியபோது படிக்கட்டு வரை கூட வந்தார். "சார், அந்தத் திங்கட்கிழமை" என்று ஆரம்பித்தார். பெண்ணுக்குக் காலேஜில் சீட்டுக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். எல்லோரும் கடைசியில் சீட்டுதானே கேட்பார்கள். அவசரமாகப் போகிறேன், அப்புறம் பேசலாம் என்று இறங்கிவிட்டேன். துறைக்கும் இரண்டு தடவை வந்திருக்கிறார், பார்வையாளர் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார், கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அறையில் சும்மாத்தான் இருந்தேன். ஜன்னல் வழியாக அவர் வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை. பன்னிரண்டு நாளாக இது ஒன்றுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, குழாயை மூடினாலும் சொட்டுகிற தண்ணீர் மாதிரி. சார், அந்தத் திங்கட்கிழமை. அவருக்கு 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விசாரணை நடத்தி, எழுத்தராகவே ஓய்வு பெற வைத்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டபோது, அமைப்பு தன் கடைசி ஊழியனைத்தான் பலி கொடுக்கும் என்று இரண்டாம் பதிப்பில் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தேன்.

முப்பத்துமூன்று. வெயில் நடைபாதைக்குள் வந்துவிட்டது, தேசம்மா காலை மடக்கிக்கொண்டாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான் ஓய்வுக்குப் பிறகு அறையைக் காலி செய்யப் போனேன். அடி அலமாரியில் அந்தப் பெட்டி. டேப்பை உரித்தேன். குறிப்பேடு, குறிப்பேடு, குறிப்பேடு, அப்புறம் பழுப்பு அட்டை, நாடாவில் பொன்னுரங்கம் போட்ட இரட்டை முடிச்சு. தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் தோன்றியது வருத்தமில்லை, பயம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் பதினைந்தாம் ஆண்டுப் பதிப்பு வரப்போகிறது, என் பெயரில் ஒரு சொற்பொழிவு வரிசை ஆரம்பிக்கப் போகிறார்கள், மௌனத்தைப் பற்றி எழுதியவன் திருடன் என்று தெரிந்தால் முதலில் சிரிக்கப் போவது என் மாணவர்கள்தான், நான் வளர்த்த பயல்கள், அடுத்தவன் அடிக்குறிப்பில் எறும்பு தேடுகிறவர்கள். கொளுத்திவிடலாமா என்று நினைத்தேன். பெயர் போடாமல் தபாலில் அனுப்பலாமா என்று நினைத்தேன். அதற்கு உறைகூட வாங்கினேன். அனுப்புநர் இல்லாத கட்டை யாரோ செய்த போலி என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பது எனக்கே தெரியும், அதைப் பற்றியும் எழுதியவன்தானே. எதைப் பற்றித்தான் எழுதவில்லை. பன்னிரண்டு நாளில் இரண்டு திங்கட்கிழமை வந்தது, முதல் திங்கட்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டேன், இரண்டாவது இன்று. பொன்னுரங்கத்தின் வீட்டைத் தேடிப் போகலாம் என்று ஒரு நாள் சட்டை மாட்டியதும் உண்டு, மாட்டிய சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். இப்போது கடிதம் எழுதி, பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் கிள்ளு வாங்கிக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே என்று மனசு என்னையே தட்டிக்கொடுக்கிறது. தூ. ஊரைப் பார்த்துத் துப்பியே பிழைத்தவனுக்குத் தன்மேல் துப்பவும் பாராட்டு வேண்டும். நாற்பதைக் கூப்பிட்டுவிட்டார்கள். தேசம்மா போய் மூன்றே நிமிஷத்தில் வெளியே வந்தாள், அதே பதில்தான், கட்டு காணம். பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்து கவரைக் கீழே வைத்தாள். மூன்று மணி வரை இருந்து பார்க்கப் போகிறாளாம். நாற்பத்தொன்று.

கண்காணிப்பாளர் பெயர் குணபூஷணம் என்று பலகையில் இருந்தது. நாற்பத்தைந்து வயசிருக்கும், கண்ணாடி, வெளுத்த சட்டை. என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். பயிற்சி வகுப்பில் என் புத்தகத்திலிருந்து பதினோரு பக்கம் நகலெடுத்துக் கொடுத்தார்களாம், அதைப் படித்ததிலிருந்து மனு கொடுக்க வருகிறவர்களை நிமிர்ந்து பார்த்துப் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறாராம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தீர்களா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் பையைத் திறந்து கட்டை மேஜையில் வைத்தேன், அதன்மேல் கடிதத்தை வைத்தேன். முதலில் கட்டைத்தான் பிரித்தார். இரட்டை முடிச்சு அவிழ நேரமாயிற்று. பச்சைக் கையெழுத்தைப் பார்த்ததும் மூச்சை இழுத்தார். அப்புறம் கடிதத்தைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இனி வசைதான் வரும் என்று உட்கார்ந்திருந்தேன், வந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் கடிதத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"இது வேணாம் சார். இது இருந்தா அந்த நாப்பத்திரண்டு பேருக்கும் வீடு கிடைக்காது."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். இருபத்தோரு வருஷம் வெளியாள் கையில் இருந்த கட்டு என்றால் குழு ஏற்காது, நடுவில் பக்கத்தைச் செருகியிருப்பார்கள் என்பார்கள், விசாரணைக்கு அனுப்புவார்கள், அது முடிவதற்குள் குலுக்கல் முடிந்து வீடுகளை வேறு ஆட்களுக்கு ஒதுக்கிவிடுவார்கள். பதிவறையில் பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது என்றால் அது அலுவலகக் கட்டு, கேள்வியே வராது, மூன்று மணிக்கு அவரே எடுத்து வைத்துவிடுவார். பதினைந்து வருஷமாக எந்த மாதிரி ஆளை நான் கல்நெஞ்சன் என்று எழுதிப் பேர் வாங்கினேனோ, அந்த மாதிரி ஆள் எனக்கு எதிரில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு குடும்பத்துக்காகத் தன் கையெழுத்தை வைத்துப் பொய் சொல்லத் தயாராக இருந்தார். பீரோவுக்குப் பின்னால் என்றால் யார் போட்டது என்று கேட்க மாட்டார்களா என்றேன். யார் பொறுப்பில் இருந்ததோ அவர்தான் சார், பொன்னுரங்கம்னு ஒருத்தர், ஏற்கெனவே அவர் மேலதானே இருக்கு என்றார். குரலைத் தணித்துக்கொண்டு, "அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு சார். அவருக்கு இனிமே என்ன?" என்றார்.

செத்துப் போயிருக்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டு பேப்பர் படித்த அன்றைக்கும் செத்துத்தான் இருந்திருக்கிறார். சரி, இன்றைக்குக் கட்டு உங்கள் வழியிலேயே போகட்டும், ஒதுக்கீடு முடிந்த பிறகு இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அந்த மனுஷன் பெயரையாவது சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லலாம். இதில் ஒரு கஷ்டமும் இல்லை. நாலு மாதம் கழித்து ஒரு கடிதம், அவ்வளவுதான். வாய் வரை வந்தது. குணபூஷணம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அந்த நாற்பத்திரண்டு குடும்பத்துக்காகத்தானே, என்றது மனசு. அது எவ்வளவு சுருக்கில் சொன்னது என்பதுதான் என்னை அருவருக்க வைத்தது. மடியில் கிடந்த பாரம் இறங்கியதில் உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியது. வெட்கமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது, இரண்டில் சுகம்தான் அதிகம். கடிதத்தை எடுத்து மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டீ சொல்லட்டுமா சார் என்றார். சொல்லுங்க என்றேன்.

டீ குடித்துவிட்டு வெளியே வந்தபோது குணபூஷணமும் கூடவே வந்தார். நான் தடுப்பதற்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட்டு, கட்டு கிடைத்துவிட்டது அம்மா, பீரோவுக்குப் பின்னால் கிடந்தது, இன்றைக்கே குழுவில் வைக்கிறேன், சார்தான் விடாமல் தேட வைத்தார் என்று சொன்னார். எனக்கு ஒரு மரியாதை செய்வதாக அவருக்கு நினைப்பு. தேசம்மா எழுந்தாள். முதலில் அவரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கவரை மார்போடு அணைத்துக்கொண்டாள், பிறகு குனிந்து என் காலைத் தொடப் போனாள், நான் பின்னால் நகர்ந்ததில் சுவரில் இடித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"பீரோ பின்னாலயா? அந்தப் பொன்னுரங்கம் வேலதான் சார் இது. அப்பவே தெரியும், வாயத் தொறக்க மாட்டான், பேய் முழி முழிப்பான். எங்க வயித்தெரிச்சல் சும்மா வுடுமா? அவன் நாசமாப் போவ."

குணபூஷணம் தரையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் கடிதம் நெஞ்சில் குத்தியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற நிதானத்தோடு, "விடும்மா. செத்துப்போன மனுஷன். வேணும்னு பண்ணியிருக்க மாட்டார்" என்றேன்.

தேசம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கோபம் இறங்கி முகம் இளகியது.

"உனுக்குப் பெரிய மனசு சார்" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை.